முழங்கால் தண்ணீர்

'வால்ட்டர் அண்ணா'விலிருந்து அந்த அண்ணா எப்போது உதிர்ந்தது என்பதுதான் ரெஜிசுக்குப் பிடிபடவேயில்லை. போன கிறிஸ்மஸ் வரைக்கும் ஜெசிந்தா அப்படித்தான் கூப்பிட்டாள், வால்ட்டர் அண்ணா இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா, வால்ட்டர் அண்ணா நீங்களாவது இவங்ககிட்டச் சொல்லுங்க, வாய் நிறைய அண்ணா. இப்போது வெறும் வால்ட்டர். கட்டியவள் வாயிலிருந்து ஒரு சொல் காணாமல் போனால் கட்டியவனுக்குத் தெரியாமலா இருக்கும், ஆனால் போன நாள் எதுவென்று தெரியவில்லை. ஆடுகிற பல் மாதிரி ஆடி ஆடித் தானாக விழுந்ததா, இல்லை, அவன் தூத்துக்குடித் துறைமுக வாசலில் யாருடைய சரக்கையோ விடுவிக்கக் காய்ந்துகொண்டு நின்ற ஏதோ ஒரு சனிக்கிழமையில், இந்தக் கரையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் பாய்மரத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, 'அண்ணா எல்லாம் எதுக்கு ஜெசி' என்று வால்ட்டர் சொல்லியிருப்பானா, அதற்கு அவள் சிரித்திருப்பாளா, சிரித்திருந்தால் எந்தச் சிரிப்பு, பல் தெரியும் சிரிப்பா, உதட்டை மடித்துக்கொள்ளும் சிரிப்பா. கடலில் அவன் நின்றிருந்த பாய்மரப் பலகையைக் காற்று வெடுக்கென்று இழுத்தது. ரெஜிஸ் நாற்காலியில் சாய்கிறவன் மாதிரி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பாயின் இழுப்பைத் தாங்கினான். இடுப்புப் பட்டையின் கொக்கி கயிற்றில் இறுகியது. பலகை தண்ணீரை விட்டு எழும்பி வழுக்க ஆரம்பித்தது, காலடியில் படபடவென்று சத்தம், பிறகு அதுவும் அடங்கி ஒரு சீறல் மட்டும். புங்கவலசைக் கரையில் ஆனி ஆடியில் அடிப்பது கச்சான் காற்று, நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அலையை எழும்ப விடாது, கரையோரத் தண்ணீரைத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கும். கூடவே ஒரு திருட்டு வேலையும் செய்யும், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். காலையில் இடுப்பளவு நின்ற இடம் மத்தியானத்தில் முழங்காலுக்கு இறங்கியிருக்கும், மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. வேகம் வேண்டுமென்றால் கரையை ஒட்டித்தான் ஓட வேண்டும், அங்கேதான் தண்ணீர் சமமாக இருக்கும். கழுத்து வேண்டுமென்றால் கரையை ஒட்டி ஓடக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்தவனும் வால்ட்டர்தான். எதைத்தான் அவன் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். உப்பளத்துக்காரர் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் வேண்டாமென்று சுற்றிவிட்டு, கோவாவில் போய் இந்த விண்ட்சர்ஃபிங்கைக் கற்றுக்கொண்டு, நாலு பலகையும் ஏழெட்டுப் பாயும் வாங்கி வந்து இந்தக் கரையில் கொட்டகை போட்டவன். ஜெசிந்தாவை இங்கே கூட்டி வந்தது மட்டும் வால்ட்டர் இல்லை, அது ரெஜிசேதான், வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், வீட்டுக்கு வந்தால் பேப்பர் திருத்துகிறாள், இல்லையென்றால் துணி மடிக்கிறாள், வரட்டுமே, காற்று வாங்கட்டுமே என்று அவனேதான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். முதல் நாள் மணலில் பலகையைப் போட்டு வால்ட்டர் பாடம் எடுத்தான். "பலகைக்கு அடியில வாள் மாதிரி ஒரு ஃபின் இருக்குல்லா, அது மணல்ல குத்துச்சுன்னா பலகை அங்கனயே நின்னுரும். நீ நிக்கமாட்ட. கொக்கி உன்னையப் பாயோட சேத்து முன்னால எறியும். தண்ணி முழங்காலுக்கு இருந்துச்சுன்னா தலை தரையிலதான் போய் நிக்கும், பாத்துக்கோ." விழுந்தால் படுத்து விழு, தட்டையாக விழு, தலையை முன்னால் விடாதே, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணை நம்பாதே, இறங்கி நடந்து பார். ஜெசிந்தா கவனமாகக் கேட்டாள். ரெஜிஸ் அவள் கேட்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான். அவள் கண் வால்ட்டரின் வாயிலேயே இருந்தது. பாடம் கேட்கிறவள் வேறு எங்கே பார்ப்பாள் என்று அன்றைக்குத் தன்னையே தேற்றிக்கொண்டான், அந்தத் தேறுதல் காரில் வீடு போய்ச் சேரும் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அப்புறம் பாயைப் பிடித்துப் பிடித்து அவளுக்குக் கையில் காய்ப்பு வந்தது. ஒருநாள் சோறு வைக்கும்போது கையைப் பிடித்தால், இரண்டு உள்ளங்கையிலும் விரல் மடிகிற இடத்தில் வரிசையாகக் கெட்டி. ஊர் பேர் தெரியாத யாருடைய கையையோ பிடித்ததுபோலச் சட்டென்று விட்டுவிட்டான். அவனுக்குக் காய்ப்பு வரவில்லை, கொப்புளம் மட்டும் வந்தது. அவள் காற்றைக் காதால் பார்ப்பாள், எங்கே வலுக்கும் எங்கே தளரும் என்று முன்கூட்டியே பாயைத் திருப்புவாள். போன வாரம் அவள் ஓடி வந்து நின்றபோது வால்ட்டர் தண்ணீருக்குள் இறங்கிப் போய், வேகம் காட்டுகிற கடிகாரம் கட்டிய அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ஏல ரெஜிசு, உன் பொண்டாட்டி உன்னையத் தூக்கிச் சாப்பிட்டாடா என்று கத்தினான். கடிகாரத்தைப் பார்க்க மணிக்கட்டைப் பிடிக்க வேண்டுமா. சரி பிடித்தான், பார்த்த பிறகும் எதற்குப் பிடித்திருந்தான். அதையேதான் ஒரு வாரமாக உள்ளே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அந்தப் பிடி கொஞ்சம் நீண்டுகொண்டே போகிறது.

பலகை இன்னும் வேகமெடுத்தது. இப்போது தன் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்க்க முடியாது, பார்த்தால் விழுந்துவிடுவான், ஆனால் காதில் காற்று கிழிகிற சத்தத்தை வைத்தே இது தன்னுடைய வேகம் இல்லை, அவளுடைய வேகம் என்று தெரிந்தது. இப்படித்தான் இருக்கிறதா அவளுக்கு. பயமாக இருந்தது, அதைவிட, இவ்வளவு நாளாக இது அவளிடம் மட்டும் இருந்திருக்கிறது என்ற எரிச்சலாக இருந்தது. யார் மேல் எரிச்சல், அவளைப் பிடித்தவன் மேலா, அவள் மேலா, அவளைத் தூக்கிக்கொண்டு போகிற இந்தக் காற்றின் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் சொல்லியிருந்தாள், போதும்ங்க, தண்ணி வத்திட்டு, நாளைக்குப் போங்க. அந்தப் 'போதும்ங்க'தான் அவனை எழுப்பிவிட்டது. அவளுக்குப் போதும் என்று சொல்வதற்கு இந்தக் கரையில் ஆள் கிடையாது. அவன் கரையைப் பார்த்தான். பார்க்கக்கூடாது, ஓடும்போது போகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பாடத்தில் உண்டு. கொட்டகைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். முதலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், சிரித்துக்கொண்டிருந்தார்கள், அல்லது அவ்வளவு தூரத்தில் சிரிப்பு மாதிரி இருந்தது. பிறகு இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள். தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கும் நெடுக்குமாக வீசினார்கள், அவள் குதிக்கக்கூடச் செய்தாள். வீட்டில் அவள் குதித்து அவன் பார்த்ததில்லை. ஆடுகிறார்களா. அவன் இல்லாதபோது இப்படித்தான் ஆடுவார்களா, இல்லை, அவன் பார்க்கத்தான் ஆடுகிறார்களா. பிறகு அவள் வால்ட்டரின் கையைப் பிடித்தாள். முழங்கைக்கு மேலே, இரண்டு கையாலும். அதைத் தெளிவாகப் பார்த்தான், ஊசியில் நூல் கோக்கிறவன் மாதிரி அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தான். பாயைத் தளர்த்தியிருக்கலாம். கொக்கியைக் கழற்றியிருக்கலாம். அவன் பாயை இன்னும் இறுக்கிப் பிடித்து மார்போடு இழுத்தான், பலகை எகிறியது, பச்சை வெளுத்து மஞ்சளாகிக்கொண்டு வந்ததைக் கடைக்கண் கண்டது, மனசு இன்னும் அந்த முழங்கையிலேயே இருந்தது.

கரகரவென்று ஒரு சத்தம், பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்ப்பதுபோல. பலகை நின்றது. அவன் நிற்கவில்லை. சொன்னபடியே ஆயிற்று, கொக்கி இடுப்பைத் தூக்கியது, வானமும் பாயும் இடம் மாறின, தட்டையாக விழு என்று வால்ட்டரின் குரல் சொன்னது, அந்தக் குரல் சொன்னதாலேயே உடம்பு ஒரு நொடி முரண்டு பிடித்ததோ என்னவோ, தலைதான் முதலில் போனது. உள்ளே எதுவோ காய்ந்த முருங்கைக்காய் ஒடிவதுபோல ஒடிந்தது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது. மூக்குக்குக் கீழே கடற்புல் அசைந்தது, உதட்டில் மணல், எல்லாமே மிக அமைதியாக, கோயில் பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு இருக்குமே அதுபோல. கண்ணுக்கு முன்னால் ஒரு கை மிதந்துகொண்டு வந்தது. விரலில் மோதிரம். அது தன் கை என்று தெரிய நேரமாயிற்று. ஊன்று என்றான். அது ஊன்றவில்லை, புல்லோடு சேர்ந்து ஆடியது. எழுந்து உட்கார்ந்தால் போதும், தலை வெளியே வந்துவிடும், பிள்ளைகள் விளையாடுகிற தண்ணீர். முழங்கால் தண்ணீரில் செத்தான் என்று ஊரில் சொல்லுவார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சொல்லுவார்கள். பெட்டி தூக்க வால்ட்டர் வருவான். தலைமாட்டுப் பக்கம்தான் தூக்குவான், அவன் உயரத்துக்கு அதுதான் தோது. கல்லறையில் ஜெசிந்தாவுக்குக் குடை பிடிப்பான். பாவம் அந்தப் பிள்ளை, வால்ட்டர் மட்டும் இல்லேன்னா என்னாயிருக்கும் என்று இவனுடைய அத்தையே சொல்லுவாள். முப்பதாம் நாள் பூசை, ஆறாம் மாசம், வருஷ பூசை, அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு இங்கேயே வருவார்கள், அவள் அந்தக் கையாலேயே பாயைப் பிடிப்பாள், அந்தக் காய்ப்பை அவன் தடவிப் பார்ப்பான், சட்டென்று விடமாட்டான். மூச்சு தீர்ந்தது. நெஞ்சு தண்ணீரைக் கேட்டது. கொடுக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்தான். அந்த ஒரு வருஷ பூசைக்காகவே கடித்தான், வேறு எந்தக் காரணத்தாலும் அவ்வளவு நேரம் கடித்திருக்க முடியாது.

தண்ணீர் அதிர்ந்தது. யாரோ ஓடி வருகிற அதிர்வு. இரண்டு முன்கைகள் அவன் தலையை இரண்டு பக்கமும் கிடுக்கிபோல இறுக்கின, உடம்பு ஒரே கட்டையாகப் புரண்டது, வெயில் முகத்தில் அறைந்தது. இருமினான்.

"இருமு. ஆனா தலைய ஆட்டாத. நான் பிடிச்சிருக்கேன்." தலைகீழாக வால்ட்டரின் முகம், மூக்குத் துவாரம், நரைத்த தாடி, தாடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்.

"இழுக்காதீங்க, யாரும் இழுக்கக்கூடாது" என்றாள் ஜெசிந்தா, வால்ட்டரிடமா தன்னிடமேயா தெரியவில்லை. அவள் அவன் இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கியிருந்தாள், தாங்கியிருக்கிறாள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டான், உடம்பு சொல்லவில்லை. "என்னங்க, கால அசைங்க. அசைக்க முடியுதா?"

"அசைச்சேனே."

அவள் முகம் மாறியது. அவன் அசைக்கவில்லை என்பதை அந்த முகத்தில் பார்த்தான்.

"கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டோமே" என்றாள், அழுகையை உள்ளே தள்ளிக்கொண்டு. "மணல் மேல வாறீங்கன்னு ரெண்டு பேரும் நின்னு கத்துனோமே. நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா வந்தீங்க?"

நீ அவன் கையைப் பிடித்தாய் என்று சொல்லவா. பயத்தில் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் கம்பம் இருந்திருந்தால் கம்பத்தைப் பிடித்திருப்பாள். அது இப்போது புரிகிறது, சுத்தமாகப் புரிகிறது, புரிந்த பிறகும் அந்தப் பிடி போகவில்லை, முழங்கைக்கு மேலே இரண்டு கை அப்படியே இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கான அகலமான பலகையை ஜெசிந்தா ஓடிப் போய்க் கொண்டு வந்தாள், அவன் முதுகுக்கு அடியில் அமுக்கிச் செருகினார்கள், ஒண்ணு ரெண்டு மூணு என்று அவள் சொல்ல, மூணில் இரண்டு பேரும் ஒன்றாக அசைந்தார்கள். என்ன ஒற்றுமை. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை, ஒரே மூச்சு. தானும் அவளும் சேர்ந்து ஒரு கட்டிலைக்கூடச் சுவரில் இடிக்காமல் நகர்த்தியதில்லை. செத்துக்கொண்டிருக்கிறாயோ பிழைக்கப் போகிறாயோ, இதை ஏன் பார்க்கிறாய் என்று தன்னையே கேட்டான். கண் மட்டும்தான் வேலை செய்கிறது, அதைக்கொண்டு வேறு எதைப் பார்ப்பான்.

கரையில் கொட்டகை நிழலில் பலகையோடு வைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் வழி கேட்டுக்கொண்டேயிருந்தார்கள், கருவேலங்காட்டுக்குள் எந்தப் பாதை திரும்புகிறதென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. யாராவது ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

"நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க போங்க வால்ட்டர்" என்றாள் ஜெசிந்தா. கையை நீட்டினாள். கை நடுங்கியது. அதைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள். "இல்ல. நீங்க பிடிங்க. உங்க கை ஆடாது." ரெஜிசின் நெற்றியில் ஒரு தடவை உள்ளங்கையை வைத்துவிட்டு, செருப்புப் போடாமல் சுடுமணலில் ஓடினாள். நெற்றியில் அந்தக் காய்ப்பு சொரசொரவென்று பட்டது. அவள் ஓடுவதைப் பார்க்கத் திரும்பப் போனான். தலை திரும்பவில்லை, வால்ட்டர் விடவில்லை.

இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பாய்த்துணி எங்கேயோ படபடத்தது. வால்ட்டர் மணலில் முட்டி போட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அவன் தலையை வைத்திருந்தான், காதுகள் மூடாதபடி விரல்களை விரித்து. அந்தக் கைகளில் எவ்வளவு பலம் என்று ரெஜிசுக்குத் தெரியும், உப்பளத்தில் உப்பு வாருகிற பலகையை இழுத்து வளர்ந்த கை. இந்தப் பக்கம் ஒரு சின்னத் திருப்பு. அவ்வளவுதான் வேண்டும், யாருக்கும் தெரியாது, விழுந்தபோதே போய்விட்டது என்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் குளிர்ந்தது, அது வால்ட்டரின் நினைப்பா தன் நினைப்பா, தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கை சும்மா இருந்திருக்குமா என்று நினைத்தபோது இன்னும் குளிர்ந்தது. கேட்டுவிடுவது என்று தோன்றியது. எழுந்து நடக்கிறவனுக்குத்தான் மானம் மரியாதை எல்லாம்.

"வால்ட்டர்."

"சொல்லு. வாய மட்டும் அசைச்சுச் சொல்லு."

"உனக்கு ஜெசியப் பிடிக்குமா?"

கைகள் அசையவில்லை. ஒரு மயிரிழை அசைந்திருந்தாலும் மண்டைக்குத் தெரிந்திருக்கும்.

"பிடிக்கும்" என்றான் வால்ட்டர்.

"எப்படிப் பிடிக்கும்?"

"நீ கேக்குத மாதிரிதான் பிடிக்கும்."

காற்று கொட்டகை ஓலையைத் தூக்கிப் போட்டது. எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்காக அலைந்திருக்கிறான், சட்டைப் பையைத் துழாவாத குறையாகத் தேடியிருக்கிறான். கிடைத்தால் வெடித்துவிடுவோம் என்று நினைத்திருந்தான். வெடிப்பதற்கு உடம்பு இல்லை. கழுத்துக்கு மேலே இருந்த அவ்வளவு இடத்துக்குள்ளேயே அது நின்று எரிந்தது.

"அவளுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வராது, நான் சொல்லப்போறதில்ல. அண்ணா அண்ணான்னுட்டு இருந்தா. நான்தான் பேரச் சொல்லியே கூப்பிடுன்னேன். அந்தச் சொல்லக் கேக்கும்போதெல்லாம் பொய்ச் சாட்சி சொல்லிட்டு நிக்கித மாதிரி இருந்துச்சுலே."

"எந்திரிச்சேன்னா உன்னைய அடிப்பேன்."

"அடி. எந்திரிச்சு வந்து அடி, வாங்கிக்கிடுதேன்." குரல் உடைந்தது, கை உடையவில்லை. "இப்ப ஆடாதலே, ரெஜிசு. ஆடாத."

ஒரு சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது. வேர்வையாக இருக்கலாம். ரெஜிஸ் அதைத் துடைக்கக் கையைத் தூக்கப் பார்த்தான், தூக்க முடியவில்லை, ஆனால் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு வந்தது. முதலில் வலது கை. பிறகு பாதத்தில் எங்கேயோ, கெண்டைக்காலுக்குக் கீழே ஊசி ஊசியாக. எரிந்தது, அந்த எரிச்சலைப் போல ருசியான ஒன்றை அவன் அனுபவித்ததில்லை. பின்னால் மதுரையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எலும்புதான் விரிசல் விட்டிருக்கிறது, நரம்பு தப்பிவிட்டது, உங்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தவர் யார் என்று கேட்கப் போகிறார், கொஞ்சம் கழுத்து திரும்பியிருந்தால் அவ்வளவுதான் என்று சொல்லப் போகிறார். மூன்று மாதம் கழுத்தில் பட்டையோடு, யாரையும் திரும்பிப் பார்க்க முடியாமல், நேரே இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு ரெஜிஸ் நடமாடப் போகிறான். அது எதுவும் அப்போது தெரியாது. அப்போது தெரிந்ததெல்லாம், பொறாமை கொஞ்சமும் குறையவில்லை, இந்த மனிதனை வெறுக்கிறோம், இந்த மனிதன் கையை எடுத்தால் செத்துப்போவோம் என்பது. இரண்டும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் கிடந்தன.

கருவேல மரங்களுக்குப் பின்னால் வண்டி உறுமுகிற சத்தம். ஜெசிந்தா முன்னால் ஓடி வந்தாள், இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கத்திக்கொண்டே, உள்ளங்கால் வெந்து நொண்டி நொண்டி. காக்கி உடுப்பில் இரண்டு பேர் இறங்கினார்கள். கழுத்துப் பட்டையைச் சுற்றினார்கள், தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தைக் கட்டைகளை வைத்தார்கள், நெற்றியில் ஒரு வார் கட்டினார்கள்.

"போதும் சார், நீங்க கைய எடுக்கலாம்" என்றார் அவர்களில் ஒருவர்.

வால்ட்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். அவ்வளவு நேரம் சூடாக இருந்த இடத்தில் காற்று பட்டது.

"விடாத" என்றான் ரெஜிஸ்.

"அதான் எல்லாம் கட்டியாச்சே, இனி ஒண்ணும் ஆகாது."

"விடாதலே."

ஜெசிந்தா அவனையும் வால்ட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வால்ட்டர் தளர்ந்த விரல்களை மறுபடியும் கட்டைகளுக்கு மேலே வைத்து அழுத்தி, தூக்குப் படுக்கையோடு படுக்கையாகக் குனிந்து நடந்து, குனிந்தபடியே வண்டிக்குள் ஏறினான்.